1,05,000 டாலர் செலவான மஸ்டாங், 58,000-க்குக் கேட்கிறார்கள்: விற்கலாமா?

கேள்வி: டெக்சாஸ், பிளானோவில் இருக்கிறேன். வயது 51. 2015-இல் 24,000 டாலருக்கு 1967 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் மாடல்) ஒன்றை வாங்கினேன். ஏழு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்த்து, ஃபோர்டின் புதுக்கால கொயோட் 5.0 எஞ்சின், ஐந்து கியர் டிரெமெக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போட்டாயிற்று. பில் கணக்கே 81,000 டாலர். அதில் கடைசி 30,000 வீட்டை ஈடாக வைத்து வாங்கிய ஹெலாக் கடன், வட்டி 8.5 சதவீதம். மகள் அடுத்த ஆகஸ்டில் கல்லூரி போகிறாள். ஒரு டீலர் 58,000 தருவதாகச் சொல்கிறார். இன்ஷூரன்ஸிலோ 1,10,000 மதிப்பு போட்டிருக்கிறது. அசலாவது வரும்வரை காத்திருக்கலாமா சார்? நஷ்டத்துக்கு விற்றால் பங்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். கழிக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை நஷ்டத்துக்கு விற்றால் வருமான வரித் துறையான ஐஆர்எஸ் அதைக் கண்டுகொள்ளாது. லாபம் வந்தால் மட்டும் பங்கு கேட்கும். பழங்கார்களைப் பொதுவாக கலெக்டிபிள் (சேகரிப்புப் பொருள்) வகையில் சேர்ப்பதால், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்தில் 28 சதவீதம் வரை வரி போகலாம். உங்களுக்கு அந்தக் கவலை வரப்போவதில்லை. இருந்தாலும் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடக்க விலை என்ன என்று நாளை யாராவது கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான். வார இறுதிகளில் நீங்களே பார்த்த வேலைக்குக் கூலி போட்டு அடக்கத்தில் சேர்க்கவும் முடியாது.

இப்போது அந்த 81,000. அது உங்கள் செலவு. வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் தன் ஆசையை வைத்துத்தான் விலை போடுவார். வீட்டைப் புதுப்பித்து விற்பவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் வீட்டுக்குக் கீழே நிலம் இருக்கிறது, காருக்குக் கீழே டயர்தான்.

ஒரு விஷயத்தில் நீங்கள் தப்பித்தீர்களா என்று பார்ப்போம். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். ‘சி’ என்றிருந்தால் 289 கன அங்குல, டூ-பேரல் கார்புரேட்டர் எஞ்சினோடு வந்த சாதாரண வண்டி. அதில் புது எஞ்சின் வைத்ததால் பெரிதாக எதையும் கெடுத்துவிடவில்லை. ‘கே’ அல்லது ‘எஸ்’ என்றிருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 271 குதிரைத்திறன் 289-ஓ, 390-ஓ பிறக்கும்போதே இருந்த வண்டியை ஒரிஜினலாகத் தேடுகிறவர்கள் தனிக் கூட்டம். அவர்கள் உங்களுடையதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கொயோட் அகலமான எஞ்சின், அதை உட்கார வைக்க எஞ்சினுக்கு இரு பக்கமும் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவரை வெட்டியிருப்பீர்கள். இனி பழைய நிலைக்குத் திரும்புவது சுலபமல்ல. எதற்கும் மார்ட்டி ரிப்போர்ட் ஒன்றை வரவழையுங்கள். 1967 முதலான ஃபோர்டு வண்டிகள் எந்த நிறத்தில், எந்தெந்த வசதிகளோடு தொழிற்சாலையை விட்டு வந்தன என்பது அதில் இருக்கும்.

‘புல்லிட்’ திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங் 2020 ஜனவரியில் புளோரிடாவின் கிஸ்ஸிம்மியில் நடந்த மீகம் ஏலத்தில் கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்குப் போனது. புதுப்பிக்காத வண்டி, துருவும் நசுங்கலும் அப்படியே. உங்கள் நண்பர்கள் இதை நிச்சயம் எடுத்துக்காட்டுவார்கள். கதை உள்ள வண்டியின் விலை வேறு, வேலை செய்த வண்டியின் விலை வேறு.

இன்ஷூரன்ஸ் போட்ட 1,10,000-ஐ மறந்துவிடுங்கள். வண்டி முற்றிலும் நாசமானால் என்ன தருவது என்று நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொண்ட தொகை அது. அதே மாதிரி கொயோட் போட்ட ஃபாஸ்ட்பேக்குகள் கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவுக்கு விற்றுமுடிந்தன என்று பாருங்கள். கேட்ட விலை வேண்டாம், விற்ற விலை. ஒப்பிட, பழங்கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியான ஹேகர்டியின் மதிப்பீட்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பெரும்பாலும் ஒரிஜினல் வண்டிகளுக்கானது.

டீலர் 58,000-க்குக் கேட்கிறார் என்றால் எழுபதுக்கு மேல் விற்கலாம் என்று அவர் நினைக்கிறார். ஒரு பேச்சுக்கு 75,000 என்று வைத்துக்கொள்வோம். பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலத்தில் விற்பவருக்குச் சிறு பட்டியல் கட்டணம்தான், 5 சதவீதம் வாங்குகிறவர் தலையில் விழும். நல்ல புகைப்படக்காரருக்குக் கொடுத்ததும் போக 74,000 கையில் நிற்கும். மேடை ஏலத்தில் விற்றால் பத்து சதவீதம் கமிஷன், நுழைவுக் கட்டணம், லாரி வாடகை எல்லாம் போய் 65,000 நின்றால் அதிர்ஷ்டம். அங்கே ரிசர்வ் (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலை) இல்லாமல் விடச் சொன்னால் வேண்டாம். மழை நாளில் இரண்டு பேர் மட்டும் கை தூக்கினாலும் வண்டி போய்விடும். ஆகவே இணைய ஏலம், 65,000 ரிசர்வ்.

காத்திருந்தால்? ஹெலாக் வட்டி வருடத்துக்கு 2,550. இன்ஷூரன்ஸ் 900, இடவாடகை மாதம் 200 என்றால் 2,400. மொத்தம் 5,850. அதாவது ஒரு வருடம் சும்மா நிறுத்தி வைப்பதை ஈடுகட்டவே விலை எட்டு சதவீதம் ஏற வேண்டும். 2021, 2022-இல் ஏறிய வேகத்தை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், அதற்குப் பின் சந்தை தணிந்துவிட்டது. ‘அசல் வரட்டும்’ என்பதற்கு நீங்கள் மாதம் கிட்டத்தட்ட 490 டாலர் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பட்டியல் போடும் முன் ஒரு வேலை. 1967 மஸ்டாங்குகளில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் துரு பிடிப்பது ஊரறிந்த நோய். ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமானால் நீங்களே எழுதிவிடுங்கள். பின்பக்க மட்கார்டின் கீழ்ப்பகுதியில் துணி சுற்றிய காந்தத்தை வைத்தால் எங்கே பட்டி பார்த்திருக்கிறது என்று தெரியும். வாங்குகிறவர் எப்படியும் இரண்டையும் செய்வார். அடிப்பக்கப் படங்கள், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் போடுங்கள். பழைய எஞ்சின் கராஜில் கிடந்தால் அதைத் தனியாக விற்காமல் வண்டியோடு கொடுங்கள். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு கலிபோர்னியாவில் ஸ்மாக் (புகை) சோதனை கிடையாது, அந்தப் பக்கமிருந்தும் ஆள் வரும்.

பணம் வந்ததும் முதலில் ஹெலாக்கை அடைத்துவிடுங்கள். வட்டி மட்டும் காரணமில்லை. மகளின் கல்லூரிக்கு அரசு நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா படிவத்தில் காரையும் குடியிருக்கும் வீட்டையும் கேட்பதில்லை, ஆனால் கையெழுத்திடும் நாளில் வங்கியில் இருக்கும் பணத்தைக் கேட்பார்கள். 30,000 கடனுக்குக் கட்டிவிட்டால் கணக்கில் வராது, சேமிப்பில் கிடந்தால் வரும். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு உதவிப் படிவத்தைக் கேட்கும் தனியார் கல்லூரிகளில் வீட்டையும் கேட்கலாம், அதைக் கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.

வங்கி எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், போலி ஏராளம். வயர் வழியாகப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரட்டும், அப்புறம் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்து. உள்ளூர்க்காரர் என்றால் அவரோடு கவுன்டி வரி அலுவலகத்துக்கே போய்விடுங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, விற்றுவிட்டேன் என்று மோட்டார் வாகனத் துறைக்கு அன்றே தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அவர் கட்டாமல் விட்ட டோலுக்கும் பார்க்கிங் அபராதத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.