மூன்று தணிக்கைக்குப் பிறகும் கேட்க வேண்டியது

கேள்வி: டீஃபை கடன் தளம் ஒன்றில், அதாவது வங்கி இல்லாமல் பிளாக்செயினில் நிரலே நடத்தும் தளத்தில், என் ஸ்டேபிள்காயினை (டாலர் மதிப்பிலேயே நிற்க வேண்டிய கிரிப்டோ நாணயத்தை) போட்டு வைக்க நினைக்கிறேன். அதன் நிரலை மூன்று நிறுவனங்கள் தணிக்கை செய்திருக்கின்றன. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அந்த மூன்று அறிக்கைகளிலும் எதையெல்லாம் தணிக்கை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார்களோ, அதை முதலில் படியுங்கள். அவர்கள் பார்த்தது தளத்தின் சொந்த நிரலை. சந்தை விலையைத் தளத்துக்குச் சொல்லும் ஆரக்கிள், பிணையாக வரும் டோக்கன், டோக்கனை வேறு பிளாக்செயினிலிருந்து கொண்டுவரும் பிரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் இருக்கும்.

நான் ஒரு தாளின் நடுவே தளத்தின் பெயரை எழுதி, அது யார் பேச்சை நம்புகிறதோ அவர்களுக்கெல்லாம் கோடு இழுப்பேன். ஒவ்வொரு கோட்டிலும் ஒரே கேள்வி: இவர் பொய் சொன்னால், அல்லது வாயை மூடிக்கொண்டால், எவ்வளவு பணம் போகும்?

2022 மே மாதம் லூனா என்ற கிரிப்டோ நாணயம் சரிந்தபோது, செயின்லிங்க் என்ற ஆரக்கிள் சொன்ன லூனா விலை சுமார் 0.10 டாலரிலேயே நின்றுவிட்டது. சந்தை விலையோ அதற்கு வெகு கீழே. மலிவாக வாங்கிய லூனாவைச் சிலர் வீனஸ் என்ற கடன் தளத்தில் பழைய விலைக்குப் பிணை வைத்துக் கடன் எடுத்தார்கள். ஏறக்குறைய 1.1 கோடி டாலர் போயிற்று. வீனஸின் நிரல் எழுதியபடியேதான் நடந்தது. அதனால்தான் தணிக்கை முத்திரையோடு நின்றுவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கோடு இரண்டாம் அடுக்குக்கும் போகும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே இருந்ததால் அதன் விலை 90 சென்ட்டுக்கும் கீழே போனது. டாய் என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினின் பிணையில் அப்போது பெரும்பங்கு யுஎஸ்டிசி. அதுவும் கூடவே இறங்கியது. இரண்டிலும் பாதிப்பாதி வைத்தவருக்கு அபாயம் பிரியவே இல்லை. உங்கள் ஸ்டேபிள்காயின் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கும் இப்படி ஒரு தாள் போடுங்கள்.

(நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் வெளியாள்தான். 2023 ஜூலையில் வைப்பர் என்ற நிரல்மொழியின் கம்பைலரில் இருந்த பிழையால், கர்வ் என்ற டோக்கன் பரிமாற்றத் தளத்தில் பலர் சேர்த்துப் போட்ட சில பூல்கள் கொள்ளை போயின.)

கடைசியாக, ஆரக்கிளையும் தளத்தின் நிரல் ஒப்பந்தங்களையும் மாற்றும் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும், மாற்றம் அமலாகுமுன் டைம்லாக் என்ற கட்டாயக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டு நாள் அவகாசம் இருந்தால், மாற்றத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்க முயலலாம். டைம்லாக்கே இல்லாத தளத்தில் நான் பணம் போடுவதில்லை.