வாயால் ஊதினாலே ஓட வேண்டும்

பட்டறை கேள்வி–பதில்
(பதில் சொல்பவர் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டூல்ரூம் மெஷினிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பதினாறு வயது. சின்ன ஸ்டீம் எஞ்சின் செய்தே தீருவேன் என்று நிற்கிறான். அவன் மாமா பட்டறையில் ஒரு சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) இருக்கிறது. எதில் தொடங்கச் சொல்லலாம்?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள், அம்மா. இந்த வயதில் கையில் பிடித்துக்கொண்ட வேலை கடைசிவரை கூட வரும்.

முதல் எஞ்சின் வாப்ளராக இருக்கட்டும், அதாவது சிலிண்டரே ஆடும் எஞ்சின். இதில் தனி வால்வு கிடையாது. பிஸ்டன் ராடு நேராகப் போய்க் கிராங்க் பின்னில், அதாவது சுற்றும் தட்டில் நடுவைவிட்டுத் தள்ளி நிற்கும் முளையில், மாட்டிக்கொள்ளும். கிராங்க் சுற்றச் சுற்ற சிலிண்டர் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு துளை, அது உரசி ஆடும் நிலைத்தகட்டில் இரண்டு துளை. ஒரு பக்கம் சாயும்போது ஆவி, அல்லது ஆவிக்குப் பதில் நாம் கொடுக்கும் காற்று, உள்ளே வரும், மறுபக்கம் சாயும்போது வெளியே போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவு இது. சிலிண்டர் உள்விட்டம் 12 மி.மீ., ஷாஃப்ட் நடுவிலிருந்து கிராங்க் பின் 10 மி.மீ., ஆக பிஸ்டன் ஓட்டம் 20 மி.மீ. சிலிண்டர் ஆடும் அச்சுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே 50 மி.மீ. இந்தக் கணக்கில் சிலிண்டர் ஒவ்வொரு பக்கமும் பதினொன்றரை பாகை சாயும். அச்சிலிருந்து 15 மி.மீ. மேலே இருக்கும் துளை அப்போது 3 மி.மீ. நகரும். அதனால் நிலைத்தகட்டின் இரண்டு துளைகளும் அதே 15 மி.மீ. வட்டக்கோட்டில், ஒன்றுக்கொன்று 6 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மூன்று துளையும் 2.5 மி.மீ. போதும். நடுவில் நிற்கும்போது எல்லாம் மூடியிருக்கும். இதைப் பையன் முதலில் தாளில் வரைந்து பார்க்கட்டும். வரைந்தவனுக்குத்தான் எஞ்சின் புரியும்.

சிலிண்டருக்குப் பித்தளை, பிஸ்டனுக்கு ஸ்டெயின்லெஸ் எஃகு. பாயான் லெப்பாஸ் பக்கத்து மெஷின் கடைகளில் மிச்சத்துண்டு கேட்டால் எடைக்குப் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை. புது டிரில் பிட்டை அப்படியே பித்தளையில் இறக்கினால் திருகாணி மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் துண்டைப் பிடுங்கிச் சுழற்றிவிடும். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்பையும் எண்ணெய்க்கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துத் தட்டையாக்கினால் சாதுவாக இறங்கும். அப்புறம், லேத் ஓடும்போது கையுறை கூடவே கூடாது. சக்கில் (லேத்தில் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சாவியை விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. மாமாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வாப்ளர் செய்து முடித்துவிட்டேன், ஐயா. கம்ப்ரெசரில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்தும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. 40 கொடுத்தால் உஸ்ஸென்று கசிகிறது. இன்னும் ஏற்றிப் பார்க்கலாமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: ஏற்றாதீர்கள், தம்பி. வாப்ளரில் சிலிண்டரைத் தகட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். காற்று மிஞ்சினால் சிலிண்டர் தகட்டைவிட்டு எழும்பும். நீங்கள் கேட்கும் 'உஸ்' அதுதான். ஸ்பிரிங்கை இறுக்கினால் கசிவு நிற்கும், எஞ்சினும் சேர்ந்து நிற்கும். இந்த அளவு எஞ்சின் நன்றாக அமைந்துவிட்டால் ஒரு ரப்பர் குழாயை மாட்டி வாயால் ஊதினாலே ஓட வேண்டும். உங்கள் எஞ்சினுக்குக் குறை காற்றில் இல்லை, எங்கோ இறுக்கம் இருக்கிறது.

1983-இல் எனக்கும் இதேதான் நடந்தது. மதிய ஓய்வு நேரத்தில் டூல்ரூம் மூலையில் உட்கார்ந்து நான் செய்த முதல் எஞ்சின். ஒரு வாரமாகக் காற்றை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். எங்கள் சீன ஃபோர்மேன் வந்தார். காற்றுக் குழாயைக் கழற்றிப் போட்டார். ஷாஃப்டில் மாட்டிய கனச் சக்கரம், அந்த ஃப்ளைவீலின் மேல் ஒரே ஒரு விரலை வைத்து, மெல்ல, மிக மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். பாதியில் விரல் தயங்கியது. இன்னொரு சுற்று. அதே இடத்தில் தயங்கியது. "கெதாட்" என்றார். மலாயில் இறுக்கம் என்று அர்த்தம். கிராங்க் தட்டில் பின்னுக்கு நான் போட்ட துளை செங்குத்தாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் சுற்றுக்கு ஒரு தடவை ராடைப் பிடித்து முறுக்கியது. தட்டை லேத்திலேயே பிடித்துப் புதுத் துளை போட்டேன். அன்றைக்கே ஓடியது. அந்த விரலை நான் இன்னும் மறக்கவில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டையும் ஃப்ளைவீலையும் மட்டும் சுண்டிவிடுங்கள். சில விநாடியாவது தானாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பேரிங்கைப் பாருங்கள். சரி என்றால் சிலிண்டரை மாட்டி, ஸ்பிரிங் போடாமல் விரலால் சுற்றுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் பிடித்தால் கிராங்க் பின் அல்லது ராடு. சுற்று முழுவதும் கனத்தால் பிஸ்டன்.

கசிவுக்கு, சிலிண்டர் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசித் தகட்டில் நாலு தடவை ஆட்டிப் பாருங்கள். மை ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்தால் அச்சுத் துளை சாய்ந்திருக்கிறது, மறுபடி போட வேண்டியதுதான். அங்கங்கே திட்டாக அழிந்தால், கண்ணாடித் துண்டின் மேல் 800 நம்பர் உப்புத்தாளை விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டுப் போட்டுத் தேய்த்தால் சமமாகிவிடும்.

கேள்வி: பால் டின்னை ஈயம் வைத்து அடைத்துக் கொதிகலன் செய்யலாமா?
— வாசகர், ஈப்போ

பதில்: கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சூட்டில் ஈயம் இளகிவிட்டால் டின் வெடித்து முகத்தில் அடிக்கும். செம்புக் குழாய், வெள்ளிப் பற்று (வெள்ளி கலந்த பற்றவைப்பு), சேஃப்டி வால்வு மூன்றும் வேண்டும். நெருப்பு வைப்பதற்கு முன் குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் சுருங்கி விரியாது, எங்காவது விட்டுக்கொடுத்தாலும் ஒழுகுவதோடு நின்றுவிடும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று காட்ட ஆள் கிடைக்கும்வரை காற்றிலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: கடைந்து வைத்த ஷாஃப்ட் மறுநாளே துருப்பிடிக்கிறது. கடலோர வீடு.
— வாசகர், தஞ்சோங் பூங்கா

பதில்: இந்த ஊர்க் காற்றில் அப்படித்தான். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்துவிட்டு இயந்திர எண்ணெய் பூசுங்கள். வியர்வை பட்ட விரல் ரேகைதான் முதலில் துருவாகும். எங்கள் பழைய ஃபிட்டர்கள் கருவிப் பெட்டிக்குள் பூஜைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து போட்டு வைப்பார்கள். நானும் முப்பது வருடமாகப் போடுகிறேன். பெட்டியை இறுக்கி மூட வேண்டும், கற்பூரம் கரைந்து போனால் வேறு வைக்க வேண்டும்.