டென்ஷனா, தொப்பையா?

கேள்வி: வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. கடன் வசூல் பிரிவில் வேலை; மாதக் கடைசி வந்தாலே தூக்கம் போய்விடும். அலுவலக முகாமில் பிரஷர் 152/96 என்றார்கள். தொப்பையைக் குறைக்கச் சொல்கிறார் மனைவி. எல்லாம் டென்ஷன்தான், வேலை மாறினால் சரியாகிவிடும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: நான் உங்கள் மனைவி கட்சி. 'ரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்துவிட்டதாலோ என்னவோ, கோபக்காரர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிர்ந்து பேசாத ஆட்களுக்கும் தினமும் மாத்திரை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

டென்ஷனில் பிரஷர் ஏறுவது உண்மைதான். மேலதிகாரி போனில் கத்தினால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய் இறுகும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இறங்கவிடாமல் பிடித்து வைப்பதில் வயிற்றுக் கொழுப்புக்குப் பெரிய பங்கு. அது சிறுநீரகத்தைச் சுற்றி அழுத்தி, உப்பை உடம்பிலேயே தேங்க வைக்கிறது. ரத்தக்குழாயை இறுக்கும் நரம்புகளையும் ஓயாமல் தூண்டுகிறது. அந்தத் தொப்பைக்குத் தீனி போடுவது உங்கள் மாதக் கடைசிதான்: ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, அப்புறம் ஐந்து மணி நேரத் தூக்கம். (பயிற்சி மருத்துவராக இருந்தபோது என் கதையும் இதேதான்.)

மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறீர்களா? ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை தேவைப்படும். மூச்சு தடைபடுவதாலும் பிரஷர் ஏறும்.

முகாமில் எடுத்த ஒரே அளவோடு முடிவு கட்ட வேண்டாம். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூடுதலாகக் காட்டும். வீட்டில் ஏழு நாள், காலையும் இரவும், காபிக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, இரண்டிரண்டு முறை எடுத்து எழுதுங்கள். 180/120 தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் இருக்கிறது. மாத்திரை எழுதினால், 'வேலை மாறட்டும் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். கிலோவுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், ஆறு கிலோ குறைத்தால் மேல் அளவு ஆறு புள்ளி வரை இறங்கலாம். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வரட்டும்.

முதுகுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் உண்டா? அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷரை அதுவும் ஏற்றும்.