கேள்வி-பதில்: ரமாகாந்த ரத்தின் ராதை

கேள்வி: ஒடியா கவிஞர் ரமாகாந்த ரத்தின் கவிதை நூலான ‘ஸ்ரீராதா’வைப் பக்தி நூல் என்று எடுத்தேன். பாதியைத் தாண்ட முடியவில்லை. எப்படி வாசிப்பது?

பதில்: பக்தி நூல் என்று எடுத்ததில்தான் சிக்கல். நம் பக்கத்தில் கண்ணனுக்கு நப்பின்னை. ஏறு தழுவிக் கைப்பிடித்த மனைவி. திருப்பாவையில் ஆண்டாள் அவளைத்தான் எழுப்புகிறாள். ஆண்டாளுக்கும் கனவில் நடப்பது கல்யாணம். அந்தப் பழக்கத்தோடு ரத்திடம் போனால் ஏமாற்றம்தான். அவருடைய ராதை இன்னொருவன் மனைவி, கிருஷ்ணனைவிட மூத்தவள். கிருஷ்ணனோடு வாழ வாய்க்காது என்று முதலிலேயே தெரிந்தவள். எதையும் எதிர்பார்க்காததால் அவளுக்கு ஏமாற்றமும் கிடையாது.

மூத்தவள் என்பது ரத் இட்டுக்கட்டியதல்ல. ஜெயதேவர் சமஸ்கிருதத்தில் ராதையையும் கிருஷ்ணனையும் பாடிய கீத கோவிந்தத்தின் முதல் சுலோகத்தைப் பாருங்கள்: மேகம் கவிந்து இருட்டுகிறது, பையன் பயப்படுகிறான், நீயே வீட்டில் கொண்டுபோய் விடு என்று ராதையிடம் சொல்கிறார் நந்தர். புரி ஜகந்நாதர் கோயிலில் கீத கோவிந்தம்தான் பாடப்பட வேண்டும் என்று 1499ஆம் ஆண்டுக் கல்வெட்டே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ராதையைப் புதிதாக எழுதுவது லேசில்லை. ரத் கதையை மாற்றவில்லை, பேசுகிறவளை மாற்றினார். தோழி கிடையாது, தூது கிடையாது; ராதை தானே கிருஷ்ணனிடம் பேசுகிறாள். முதுமையும் சாவும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வருகின்றன.

தொகுப்புகளில் வரும் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் படித்தால் வெறும் காதல் கவிதையாகத் தெரியும். வரிசையாகப் படியுங்கள். ஒரே உட்காரலில் முடிக்க வேண்டாம்; குரல் ஒன்றே என்பதால் அலுப்புத் தட்டும். கிருஷ்ணனின் மரணம் வரும் கடைசிப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஒடியா தெரியாதவர்களுக்கு ரத் தாமே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு.

கேள்வி: ராதையைப் பாடியவரை நவீனக் கவிஞர் என்பது எப்படி?

பதில்: முன்னால் எழுதியதையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ (The Waste Land) பாதிப்பில் ஒடியா கவிஞர் குருபிரசாத் மொகந்தியின் ‘காலபுருஷ’ 1960இல் வந்தது. அடுத்த இரண்டே ஆண்டில் ரத்தின் முதல் தொகுப்பு ‘கேதே தினர’. தனிமை, சலிப்பு, சாவு, கூடவே ஒரு வறண்ட கிண்டல் என்று நகரத்து மனிதனின் கவிதை அது. ராதை அந்த மனிதனுக்கு அக்கா முறை என்பேன். ‘ஸப்தம ருது’வுக்கு 1977இல் சாகித்ய அகாதெமி விருதும், ‘ஸ்ரீராதா’வுக்கு 1992இல் சரஸ்வதி சம்மானும் கிடைத்தன.

கேள்வி: ஞானபீடம் பெற்ற ஐ.ஏ.எஸ். கவிஞர் இவர்தானே?

பதில்: இல்லை, அவர் சீதாகாந்த் மகாபாத்ர, 1993க்கான ஞானபீடம் பெற்றவர். இருவரும் ஒடியா, இருவரும் ஐ.ஏ.எஸ்., பெயரிலும் ‘காந்த்’ என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ரத் 1934இல் கட்டாக்கில் பிறந்தவர். ரெவன்ஷா கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. படித்து, 1957இல் ஐ.ஏ.எஸ். ஆகி, ஒடிசா தலைமைச் செயலாளர் வரை போனார். 2025 மார்ச்சில் காலமானார். ‘மகாபாத்ர’ என்ற பெயரால் இவர்களோடு சேர்த்துக் குழப்பக்கூடிய கட்டாக்கின் ஜெயந்த மகாபாத்ர மூன்றாமவர்; இயற்பியல் பேராசிரியர், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர்.