கேளுங்கள்: மகளின் தோழி சாப்பிட மறுக்கிறாள்

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய நெருங்கிய தோழி சீனாவின் செங்டுவிலிருந்து வந்தவள். சனிக்கிழமையானால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கொஞ்ச நாளாகத் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிடுகிறாள். வீடியோ காலில் அவள் அம்மா முதலில் கேட்பதே எடையைத்தானாம். இப்போது என் மகளும் தினமும் எடை பார்க்கிறாள். "அடுத்தவர் வீட்டு விஷயம், தலையிடாதே" என்கிறார் கணவர்.
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தலையிடுங்கள், சகோதரி. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை அடுத்தவர் வீட்டு விஷயம் இல்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். சீனக் குடும்பங்களில் உடம்பைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்பதை அக்கறையாகத்தான் நினைக்கிறார்கள். நம் கல்யாண வீடுகளில் மட்டும் என்னவாம்? "என்னம்மா, பூசினாப்போல ஆயிட்டே" என்று ஆரம்பிப்பவர்கள் எத்தனை பேர்! ஆனால் சீனப் பெண்களின் தலையில் இன்னும் பெரிய பாரம் இருக்கிறது. நல்ல பெண் நூறு ஜின்னைத் தாண்டமாட்டாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நூறு ஜின் என்றால் 50 கிலோ. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 50 கிலோ இருந்தால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ அளவு 18.4தான். 18.5க்குக் கீழே போனாலே எடை போதாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆக, ஊர் மெச்சும் எடையே உடம்புக்குப் பற்றாத எடை! 2016இல் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் இளம்பெண்கள் ஏ4 தாளை நெட்டுக்குப் பிடித்து, இடுப்பு அதற்குள் மறைகிறது என்று படம் போட்டார்கள். அந்தத் தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இப்படிப்பட்ட படங்களுக்கு நடுவே வளர்ந்த தலைமுறை இவளுடையது.

சிங்கப்பூரிலும் 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அன்று பட்ட வெட்கத்தை இன்றும் கண்கலங்கச் சொல்லும் தாய்மார்களோடு பேசியிருக்கிறேன். வெட்கப்படுத்தினால் உடம்பு இளைக்கும் என்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பட்டினி கிடப்பார்கள், அப்புறம் யாருக்கும் தெரியாமல் அள்ளிச் சாப்பிடுவார்கள், குற்ற உணர்ச்சியில் மறுபடி பட்டினி. இது சுற்றச் சுற்ற மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்? "இளைச்சிட்டியே, சாப்பிடு" என்று சொல்லாதீர்கள். அதுவும் உடம்பைப் பற்றிய பேச்சுதான். மகள் இல்லாத நேரமாகப் பார்த்து, தோழியிடம் தூக்கம் வருகிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வெகுநேரம் இருக்கிறாளா, முடி கொட்டுகிறதா, ஏர்கான் இல்லாமலேயே குளிர்கிறது என்கிறாளா, கவனியுங்கள். எடைக் கருவியை இன்றே எடுத்துப் பரணில் வையுங்கள். மகளிடம் ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் மூன்று மாதம் நின்றிருந்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். நீங்களே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். உணவுக் கோளாறுகளுக்குச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது. மருந்தகத்தில் கேட்டால் அங்கே அனுப்பிவைப்பார்கள். மனம்விட்டுப் பேச 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.