மாமியாருக்கு மாம்பலகையில் ஒரு மேசை

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. போன வருடம் காற்றில் சாய்ந்த மரத்தை மில்லில் கொடுத்து ஒரு அங்குலப் பலகையாக அறுத்து வைத்திருக்கிறேன். மாமியாருக்கு முட்டி வலி. கட்டிலோரம் சொம்பு, மாத்திரை, வெற்றிலைப் பெட்டி வைத்துக்கொள்ள நானே ஒரு மேசை செய்து கொடுக்கலாம் என்று ஆசை. "மாமரம் விறகுக்குத்தான் ஆகும், பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிட்டுப் போ" என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முட்டி வலிக்காரர் கட்டிலை விட்டு எழும்போது கை எங்கே போகும்? பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல்தான், அதுவும் முழு பாரத்தோடு. அதனால் நீங்கள் செய்யப்போவது சொம்பு வைக்கிற மேசை மட்டுமில்லை, ஊன்றி எழுகிற மேசை. இந்த ஒரு காரணத்துக்காகவே பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஓரத்தில் கை வைத்தால் சறுக்கிவிடும் (உங்கள் வீட்டுக்காரரையே ஒருமுறை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள்).

மாம்பலகை மேசைக்கு நன்றாகவே ஆகும். அதற்குப் பகை ஈரமும் வண்டும். ஒரு அங்குலப் பலகை நிழலில் காற்றாடக் காய ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும், காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரு பலகையை மளிகைக்கடைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றுவிட்டால் சரி. அப்புறம் பலகையைத் தட்டிப் பாருங்கள். ஊசித்துளையிலிருந்து வெள்ளை மாவு கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, அந்தப் பலகையை மட்டும் கணவர் சொன்னபடி அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். கருநீலத் திட்டு இருந்தால் கவலையில்லை, அது பூஞ்சைக் கறை, பலம் பெரிதாகக் குறையாது.

காலுக்கு மட்டும் பழைய மரக்கடையில் இடித்த வீட்டு நிலைச்சட்டம் ஒன்று வாங்குங்கள், அது வருடக்கணக்கில் காய்ந்த மரம். ஒளிந்திருக்கிற ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுக்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் மில்காரர் பிளேடு போய்விடும், திட்டும் உங்களுக்குத்தான்.

கால்கள் இரண்டு அங்குலச் சதுரம் இருக்கட்டும், நான்கு மூலையிலும் நேராக நிற்கட்டும். மேல்பலகை காலைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், நீட்டினால் ஊன்றும்போது மேசை கவிழும். கால்களை இணைக்கிற சட்டம் மூன்று அங்குல அகலம் வேண்டும். அதன் நுனியைச் சீவி, காலில் துளை தோண்டி, ஃபெவிகால் தடவி இறக்க வேண்டும், வெறும் ஸ்க்ரூவை நம்பாதீர்கள். உளி பழகாத கை என்றால் அந்தத் துளைகளை மட்டும் ஊர் ஆசாரியிடம் போட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து அகலத்தில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும், ஒட்டிவிட்டால் போக வழியில்லாமல் வெடிக்கும். கீழிருந்து, பலகையின் அகலவாக்கில் நீண்ட துளையில் ஸ்க்ரூ போட்டால் பலகை அசைந்துகொள்ளும். மாத்திரை உருளாமல் இருக்க பின்பக்கமும் கட்டிலுக்கு எதிர்ப்பக்கமும் சின்ன விளிம்பு வையுங்கள். கை வைக்கிற பக்கம் விளிம்பே வேண்டாம், உப்புத்தாளில் நன்றாக உருட்டித் தேய்த்துவிடுங்கள்.

பாலிஷ் விஷயத்தில் ஒன்று. ஆசாரி ஸ்பிரிட் பாலிஷ் போடச் சொல்வார், பளபளப்பு பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அது அரக்கு. ஈரச் சொம்பு வைத்தால் வெள்ளை வட்டம் விழும், வெற்றிலைச் சுண்ணாம்பு சிந்தினால் அந்த இடம் கரைந்தே போகும். உங்கள் மாமியார் மேசைக்கு பியூ கோட்டிங்தான் (பாலியூரித்தேன் பூச்சு) சரி.

உயரம் கடைசியாக. மெத்தையில் அவர் உட்கார்ந்த பிறகு, அமுங்கிய மெத்தையின் மேல்மட்டத்தை அளந்து, அதைவிட ஒரு அங்குலம் கூடுதலாகக் காலை வெட்டுங்கள். பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு வாரம் கட்டிலோரம் போட்டு வையுங்கள், ஊன்றி எழட்டும். உயரம் அதிகம் என்று அவர் சொன்னால் அரை அங்குலம் அறுத்துக்கொள்ளலாம். அப்புறம் நான்கு காலுக்கும் ரப்பர் புஷ்.