ஓம் கணக்கு எங்கே உதைக்கிறது? ஹைஃபை வாசகர் கேள்விகள்

கேள்வி: என் டிஏசியின் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) அவுட்புட் இம்பீடன்ஸ் (மாறும் சிக்னலுக்குக் காட்டும் தடை) 100 ஓம். ஆம்ப் இன்புட்டோ 47 கிலோ ஓம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நடுவில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஏதாவது போட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அப்படியே செருகுங்கள். வீட்டு ஆடியோவில் கொடுக்கும் பக்கம் குறைவாகவும் வாங்கும் பக்கம் அதிகமாகவும் இருப்பதுதான் பொருத்தம். இரண்டும் சமமானால் வோல்டேஜில் பாதி, அதாவது 6 டெசிபல், டிஏசிக்குள்ளேயே தீர்ந்துவிடும். சமமாக்கும் வழக்கம் பழைய 600 ஓம் தொலைபேசி லைன் காலத்தது. மைல் கணக்கில் ஓடிய கம்பிக்கு அது தேவைப்பட்டது. ஒரு மீட்டர் ஆர்சிஏ கேபிளுக்கு இல்லை. வாங்கும் பக்கம் 10 மடங்கு இருந்தாலே இழப்பு 1 டெசிபலுக்குள் அடங்கும். உங்களுக்கு 470 மடங்கு இருக்கிறது.

கேள்வி: வால்வ் ப்ரீஆம்பைப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் வரும் பெட்டி) புது பவர் ஆம்ப்போடு (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) சேர்த்ததும் பாஸ், அதாவது கனத்த கீழ் ஸ்வரம், மெலிந்துவிட்டது. பழைய ஆம்ப்பில் நன்றாகத்தான் இருந்தது. ப்ரீஆம்ப் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை. இரண்டு ஆம்ப்களின் கையேட்டிலும் இன்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள்: பழையது 100 கிலோ ஓம், புதியது 10 கிலோ ஓம் என்று இருக்கக்கூடும். வால்வ் ப்ரீஆம்பின் அவுட்புட் வாசலில், நேர் மின்சாரத்தை (டிசி) தடுத்துப் பாட்டை மட்டும் வெளியே விடும் ஒரு கப்ளிங் கெபாசிட்டர் இருக்கும். அதுவும் எதிரே இருக்கும் இன்புட்டும் சேர்ந்து பாஸை வடிகட்டுகின்றன. கணக்கு எளிது: 1,59,000-ஐ ஓமாலும் மைக்ரோஃபாரடாலும் வகுத்தால் 3 டெசிபல் இறங்கும் ஹெர்ட்ஸ் கிடைக்கும். கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்றால் 100 கிலோ ஓமில் 3.4 ஹெர்ட்ஸ்; காதுக்கே எட்டாது. அதே கெபாசிட்டர் 10 கிலோ ஓமில் 34 ஹெர்ட்ஸ். பாஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் பேசுகிறது. அது 2 டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும்.

பாஸ் மட்டும் குறைந்திருந்தால் அந்த இடத்தில் 4.7 மைக்ரோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் கெபாசிட்டர் போடுங்கள், மறுபடி 3.4 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். வோல்டேஜ் ரேட்டிங் பழையதைவிடக் குறையவே கூடாது. பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஸ்பீக்கரில் 'தொப்' என்று இடிக்கும் என்பதால், ப்ரீஆம்பைப் போட்டு ஒரு நிமிடம் கழித்தே பவர் ஆம்ப்பைப் போட வேண்டும். பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ப்ளக்கை உருவிய பிறகும் உள்ளே 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். மீட்டரில் அது சில வோல்ட்டுக்கு இறங்கியதைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பாஸோடு மொத்தச் சத்தமும் சேர்ந்து விழுந்திருந்தால் கதை வேறு. 12ஏஎக்ஸ்7 வால்வின் ஆனோடிலிருந்து (நேர்மின் முனை) நேரடியாக அவுட்புட் எடுத்திருப்பார்கள். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் பத்துக் கிலோ ஓம்களில் இருக்கும். அங்கே கெபாசிட்டரை மாற்றிப் பயனில்லை. இடையில் ஒரு பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வேண்டும், அல்லது இன்புட் அதிகமுள்ள பவர் ஆம்ப் வேண்டும்.

கேள்வி: 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் 5.8 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. 8 என்பது பாட்டு ஓடும்போதுள்ள தோராய இம்பீடன்ஸ். மீட்டர் டிசி ரெசிஸ்டன்ஸை மட்டும் காட்டும்; 8 ஓம் ஸ்பீக்கரில் அது 5.5 முதல் 7 வரை இருப்பது சகஜம். பாஸுக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி முனை உள்ள பை-வயர் ஸ்பீக்கரில், அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ட்வீட்டர் பக்கம் அளந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. அங்கே கெபாசிட்டர் டிசியைத் தடுக்கிறது, பதற வேண்டாம்.

கேள்வி: ஆம்ப்பின் பின்னால் '8–16 ஓம்' என்று போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் 4 ஓம். வரிசையில் 4 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: ஆம்ப் பிழைக்கும், பாட்டு கெடும். பவரில் பாதி ரெசிஸ்டரைச் சூடாக்கவே போகும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்குவதால் சில ஸ்வரங்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும்.

ஆபத்து எங்கே என்றால், 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் கொடுக்கிறது. 4 ஓமில் அதே 20 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் இழுக்கும். மெதுவாகக் கேட்டால் பல ஆம்ப்கள் தாங்கும். விசேஷ வீட்டுச் சத்தத்துக்குத் திருப்பினால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். ஏ, பி இரண்டு ஜோடி ஸ்பீக்கரையும் ஒன்றாகப் போடுபவர்களுக்கும் இதே கணக்குதான்: இரண்டு 8 ஓம் பேரலலில் 4, இரண்டு 6 ஓம் பேரலலில் 3. சில ஆம்ப்களில் ஏ+பி சீரிஸில் சேரும் என்பதால் முதலில் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: டெனான் டிஎல்-103 காட்ரிட்ஜ் (ரெக்கார்ட் ப்ளேயரின் ஊசித் தலை) வைத்திருக்கிறேன். அதன் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜின் எம்சி (மூவிங் காயில்) பக்கத்தில் லோட் (காட்ரிட்ஜுக்கு எதிரே இருக்கும் ஓம்) மாற்றும் வசதி இல்லை, 47 கிலோ ஓம் மட்டுமே. மேல் ஸ்வரம் கூசுகிறது.

பதில்: அந்தக் காட்ரிட்ஜின் உள் இம்பீடன்ஸ் 40 ஓம், தயாரிப்பாளர் கேட்பது குறைந்தது 100 ஓம் லோட். இரண்டு ஆர்சிஏ ப்ளக் வாங்கி, ஒவ்வொன்றிலும் நடு முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே 100 ஓம், கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். ஒய் அடாப்டர் வழியாக ஃபோனோ இன்புட்டில் செருகினால் பேரலலில் 99.8 ஓம் வரும். இரண்டு ரெசிஸ்டரும் மீட்டரில் ஒரே அளவு காட்டட்டும், இல்லாவிட்டால் இடது வலது ஏறுக்குமாறாகும். வால்யூம் சுமார் 3 டெசிபல் குறையும்.

எம்எம் (மூவிங் மேக்னட்) காட்ரிட்ஜில் இதைச் செய்யவே கூடாது, மேல் ஸ்வரம் மொத்தமாகச் செத்துவிடும். அதற்கு 47 கிலோ ஓம்தான் சரி. கவனிக்க வேண்டியது கெபாசிட்டன்ஸ். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கேட்பது 100 முதல் 200 பைக்கோஃபாரட். சாதாரண கேபிளே மீட்டருக்குச் சுமார் 100 எடுத்துக்கொள்ளும். ஃபோனோ இன்புட்டுக்குள் இருப்பதும் கூடச் சேரும். டர்ன்டேபிளை அறையின் மறுகோடியில் வைத்து நீளக் கேபிள் இழுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. லோட் இல்லாத அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். சோதனைக்கு 8 ஓம் டேப்பில் (ஸ்பீக்கர் முனை) 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் மாட்டுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் கோஆக்ஸ் இணைப்புக்கு வீட்டில் கிடக்கும் ஆடியோ ஆர்சிஏ வயர் போதுமா?

பதில்: ஒரு மீட்டருக்குள் பெரும்பாலும் பாடும். ஆனால் இங்கே மட்டும் சமம் வேண்டும்: அனுப்பும் பக்கம், கேபிள், வாங்கும் பக்கம் மூன்றும் 75 ஓம். பொருந்தாவிட்டால் சிக்னல் திரும்பி மோதும். நீளம் கூடக்கூட இடையிடையே டக் டக் என்று அறுபடும். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வயரும் 75 ஓம்தான். அதில் இரண்டு மீட்டர் வெட்டி ஆர்சிஏ ப்ளக் போட்டுக்கொள்ளுங்கள்.